மந்தைப் பூட்டு

ஷுலோமா ஊரில் சவ்வாத்தியைப் போல ஒரு மாட்டுக்காரன் இருந்ததில்லை என்பார்கள். அவன் காதில் விழும்படியே சொல்வார்கள். அந்த ஊர் ஒருவனை முகத்துக்கு நேரே புகழ்கிறது என்றால் அவனிடம் ஏதோ வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பொய் இல்லை. இருபத்திரண்டு கோடை அவன் அந்த மந்தையை மேய்த்தான். கரடி அடித்தது, ஓநாய் இழுத்தது, சதுப்பில் புதைந்தது என்று ஒரு மாடுகூடக் குறைந்ததில்லை. பினேகா நதியின் அந்தக் கரையில் வேறெந்த ஊரும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். சின்ன வயதில் குதிரை மிதித்த இடது கால் இழுத்து இழுத்துத்தான் நடக்கும். சொந்த நிலம் இல்லை, குதிரை இல்லை. காலையில் மாடுகளைக் காட்டுக்குள் விட்டுவிட்டு ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து மரப்பட்டைச் செருப்பு பின்னிக்கொண்டிருப்பான். மாடுகள் அவை பாட்டுக்குப் போகும். சாயங்காலம் கொம்பை எடுத்து ஊதினால் நாற்பத்தொன்றும் வந்து நிற்கும்.

மேய்ப்பது அவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். யார் மேய்க்கிறார் என்பதும் தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காட்டை ஆளும் ஆவிக்கு லேஷி என்று பெயர், அந்தப் பெயரைக் கோடையில் யாரும் எடுப்பதில்லை. ‘அவர்’ என்பார்கள். மிஞ்சிப்போனால் ‘காட்டுக்காரர்’.

காட்டுக்காரரோடு மேய்ப்பன் பேச்சு வைத்துக்கொள்வது யெகோரி திருநாளில். ஏப்ரல் கடைசி, பனி பாதி கரைந்திருக்கும். பெண்கள் வில்லோ மரக் கிளையால் தட்டி மாடுகளை வெளியே ஓட்டிவருவார்கள். சவ்வாத்தி ஒரு திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு மந்தையை மூன்று சுற்று சுற்றி வருவான். மூன்றாவது சுற்றில் பூட்டைப் பூட்டுவான். பிறகு தனியாகக் காட்டுக்குள் போய்ப் பூட்டை ஓரிடத்திலும் சாவியை வேறிடத்திலும் ஒளித்துவைத்து, ஒரு முட்டையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான். அந்தப் பூட்டு பூட்டியிருக்கும்வரை கரடியின் வாயும் பூட்டியிருக்கும். அக்டோபரில் போக்ரோவ் திருநாள்வரை அதைத் திறக்கக் கூடாது. திறந்தால் மந்தை காட்டுக்குச் சொந்தம். எங்கே ஒளித்தான், என்ன பேச்சு என்பதை வெளியே சொன்னாலும் அதோடு முடிந்தது, அந்த மேய்ப்பனுக்கு அப்புறம் ஒரு கன்றுக்குட்டிகூட அடங்காது.

இதற்கு அவன் கொடுத்த விலை அவன் கோடைகள் எல்லாம். ஆறு மாதம் முடி வெட்டக் கூடாது. கிளை ஒடிக்கக் கூடாது. மனைவி பக்கத்தில் படுக்கக் கூடாது. யாரையும் வெறுங்கையால் தொடக் கூடாது. காட்டில் ஒரு பழம் பறிக்கக் கூடாது. ஆகஸ்டில் காடு முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் பழம் பழுத்துக் கிடக்கும், இவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு செருப்பு பின்னுவான். கூடையோடு வரும் பெண்கள் வேண்டுமென்றே இவன் எதிரில் உட்கார்ந்து சாறு ஒழுக ஒழுகத் தின்பார்கள்.

“ஐயோ பாவம், வாயைத் திற சவ்வாத்தி, ஒண்ணே ஒண்ணு போடறோம். அவரு பாக்க மாட்டாரு.”

“அவரு பாக்கறாரோ இல்லியோ, உன் மாடு பாத்துக்கிட்டிருக்கு,” என்பான். அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிடும்.

அவன் மகள் உஸ்தீன்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோடையில் அப்பாவிடம் ஓடிவந்து கையை நீட்டினால், அவன் சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டுதான் பிடிப்பான். ஆறு மாதம் அப்பன், ஆறு மாதம் காட்டு ஆள். பிள்ளை அதற்குப் பழகிவிட்டது.

இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்கலாம். குஸ்ரேகா ஊரில் நடந்ததை அவன் கண்ணால் பார்த்தவன். அங்கே மாட்டுக்காரனின் மனைவி, தானியக் கொட்டகைக்குப் பூட்டு இல்லையே என்று, புதருக்குள் கிடைத்த பூட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்துவிட்டாள். அன்றைக்கே பத்தொன்பது மாடு போயிற்று. கிடைத்தவை எல்லாம் கிழிந்து கிடந்தன. அந்தக் குளிர்காலம் ஊரில் பால் இல்லை, மோர் இல்லை. வேலை தேடிப் போயிருந்த சவ்வாத்திக்குக் கல்லறைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. உறைந்த மண்ணை நெருப்பு மூட்டி இளக்கித் தோண்டினான். பதினொரு குழி. எல்லாம் சின்னக் குழி. முழங்கை நீளத்துக்கு மேல் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான், பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி ஃபெத்தீனியா இரண்டாவது பிள்ளைக்கு நோவெடுத்து, அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளை பெறப் போகும் குளியல் குடிசைக்குள் போனபோது, அவன் செய்ததைச் செய்தான்.

அதுவும் ஆகஸ்ட் மாதம்தான். ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல். பிள்ளை வரவில்லை. பிள்ளை வர மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பூட்டியது, முடிந்தது, மூடியது எதுவும் அப்படியே இருக்கக் கூடாது. பெட்டி, கொட்டகை, அடுப்பு வாய் எல்லாவற்றையும் திறப்பார்கள். குதிரையின் கழுத்துப்பட்டையை அவிழ்ப்பார்கள். பெண்கள் பின்னலை அவிழ்த்துத் தலைவிரிகோலமாக நிற்பார்கள். கடைசியில் பாதிரியாரிடம் ஓடி, கோயிலில் பலிபீடத்து வாசற்கதவைத் திறக்கச் சொல்வார்கள். ஊரில் ஒரு பூட்டு பூட்டியிருந்தாலும் வயிற்றுக்குள்ளும் ஒரு பூட்டு பூட்டியிருக்கும்.

மருத்துவச்சி மலான்யா, அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இல்லை, வியர்வையும் இரத்தமுமாகக் குடிசை வாசலுக்கு வந்து அவனைக் கேட்டாள்.

“சவ்வாத்தி, எல்லாம் திறந்தாச்சா?”

“திறந்தாச்சு.”

உள்ளேயிருந்து ஃபெத்தீனியாவின் குரல் வந்தது. மாட்டுக்காரனின் மனைவிக்குக் காட்டில் ஒரு பூட்டு உண்டென்று தெரியாதா? “எல்லாமும்தானா?” என்றாள்.

“எல்லாமும்,” என்றான் சவ்வாத்தி.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் கண்ணுக்குள் அந்தப் பதினொரு குழி இருந்தது. ஊரில் அந்த வருஷம் பால் குடிக்கிற பிள்ளைகள் எத்தனை என்று அவனுக்குத் தெரியும், மந்தையை எண்ணுகிறவனுக்கு அது தெரியாமலா இருக்கும். பொழுது சாய்வதற்குள் ஃபெத்தீனியாவும் போய்விட்டாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போய்விட்டது. மாடுகள் நாற்பத்தொன்றும் மணி ஆட வீடு வந்து சேர்ந்தன.

ஊர் அவனைக் குறை சொல்லவில்லை. மலான்யாவைச் சொன்னது. எல்லாப் பூட்டையும் திறந்தும் பிள்ளை வரவில்லை என்றால் வேறு என்ன காரணம்? கைராசி இல்லாதவள், கையில் ஏதோ இருக்கிறது, இரண்டு உயிரைத் தின்றவள். நாலு வருஷம் அவளை எந்த வீட்டுக்கும் கூப்பிடவில்லை. கையுறை பின்னி வயிற்றைக் கழுவினாள். இன்னொரு மருத்துவச்சி செத்துப்போன பிறகு வேறு வழியில்லாமல் திரும்பக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களும் அவள் கையைப் பார்த்துக்கொண்டேதான் கூப்பிட்டார்கள்.

மாட்டுக்காரனுக்கு முறை வைத்துச் சாப்பாடு போடுவது வழக்கம். ஒரு மாட்டுக்கு ஒரு நாள். மலான்யாவிடம் ஒரே ஒரு மாடு, கோடையில் அவள் முறை நாலு தடவை வரும். மற்ற வீடுகளில் கறுப்பு ரொட்டியும் குவாஸ் என்ற புளித்த பானமும் வெங்காயமும் கிடைக்கும். மலான்யா மட்டும் மீன் வைத்து ரொட்டி சுட்டுவைப்பாள். அவள் சாப்பிடாமல் இருந்தாவது மீன் வாங்கிவைப்பாள். தட்டை அவன் முன்னால் நகர்த்திவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். உன் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டேனே என்று வாயால் சொல்ல முடியாததை மீனாகப் போட்டாள். பதினேழு வருஷம் சவ்வாத்தி அந்த மீனைத் தின்றான். முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “நல்லாருந்துது, மலான்யா,” என்று சொல்லிவிட்டுப் போனான். மனுஷனுக்கு எதுவும் தொண்டையில் சிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

உஸ்தீன்யா வளர்ந்தாள், அதே ஊரில் அக்ரஃபேனாவின் மகனைக் கட்டினாள். போன பிப்ரவரியில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். சீட்டு விழுந்தது இவள் புருஷனுக்கு. இருபத்தைந்து வருஷச் சேவகம். செத்தவனுக்கு அழுவது போல அழுது சறுக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அவள் வயிற்றில் இரண்டு மாசம் என்பது அவன் போன பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஆகஸ்ட் கடைசி.

சவ்வாத்தி கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். நேற்றுக் காலையில் மகளுக்கு நோவு கண்டது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மந்தையோடு வந்துவிட்டான். ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மத்தியானம் கழிந்து சம்பந்தி அக்ரஃபேனா புதர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். தலைமுடி அவிழ்ந்து இடுப்புவரை தொங்கியது. கல்யாணமானதிலிருந்து வேற்று ஆண்பிள்ளை முன் முக்காடு எடுக்காதவள் அவள்.

“இங்க குந்திக்கிட்டுச் செருப்பு பின்றீரா?” என்றாள் அவள். “பின்னுங்க, நல்லாப் பின்னுங்க. பொண்ணைக் கொண்டுபோய்ப் புதைக்கும்போது காலுக்கு வேணுமில்ல.”

“எப்படி இருக்கா?”

“எப்படி இருப்பா? நேத்துக் காலையிலேருந்து கத்துனா. இப்பக் கத்தல. அதான் ஓடியாந்தேன்.” அவள் மூச்சு வாங்கினாள். “ஊரே திறந்து கிடக்கு சம்பந்தி. ஒரு வீட்டுல பூட்டு இல்ல. பாதிரியாரு கோயில்ல பலிபீடத்துக் கதவைத் திறந்துவெச்சிட்டு முட்டி போட்டு நிக்கறாரு. அந்தக் கஞ்சப்பய கொல்லன்கூடப் பெட்டியைத் திறந்துட்டான், உள்ள ஒண்ணுமில்ல, அது வேற கதை. மலான்யா கேட்டுட்டு வரச் சொன்னா. ஊர்ல எல்லாரையும் கேட்டாச்சு, மாட்டுக்காரரைத்தான் கேக்கல. உங்ககிட்ட மூடினது ஏதாச்சும் இருக்கா?”

சவ்வாத்தி பின்னிய செருப்பைப் பார்த்தான். வாய் தானாகவே திறந்துகொண்டது. பதினேழு வருஷம் பழகிய வாய்.

“இல்ல. எல்லாம் திறந்தாச்சு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மலான்யா என்ன சொல்றா தெரியுமா? இதுவும் என் கையில போச்சுன்னா நான் ஆத்துல எறங்கிடுவேங்கறா. உங்க பொண்ணும் சொல்லி அனுப்பிச்சா.”

“என்ன சொன்னா?”

“அப்பாகிட்டக் கேளுங்க, எல்லாமும்தானான்னு. அவ்வளவுதான் பேச முடிஞ்சுது.”

 அந்தக் கேள்வி சின்னதில் அவள் காதில் விழுந்திருக்க முடியாது. அப்போது மூன்று வயது, அண்டை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. தாய் கேட்டதை மகள் தானாகவே கேட்கிறாள்.

“எல்லாமும்னு சொல்லுங்க,” என்றான்.

அக்ரஃபேனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்பனா நீரு,” என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினாள்.

அவன் உட்கார்ந்தே இருந்தான். செருப்பில் அடுத்த பட்டையை நுழைத்தான். இரண்டாவது பட்டையை நுழைத்தான். தூரத்தில் ஒரு மாட்டு மணி கேட்டது, மலான்யாவின் செவலை மாடு, அதன் மணி கொஞ்சம் உடைந்த சத்தம். அவனுக்குச் சட்டென்று அழுகை வந்தது. உட்கார்ந்தபடியே வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான். பதினொரு குழியை நினைத்துப் பார்த்தான். இந்தத் தடவை அந்தப் பிள்ளைகளின் முகம் வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல்தான் வந்தது. அதற்கப்புறம் அவன் எழுந்துவிட்டான்.

சாவி கிழக்கே ஓர் எறும்புப் புற்றுக்கடியில் இருந்தது. கையை முழங்கைவரை நுழைத்து எடுத்தான், எறும்புகள் சட்டைக்குள் ஏறிக் கடித்தன. பூட்டு மேற்கே, ஓடைக்கரையில் இரண்டாகப் பிளந்த பாறைக்கடியில். நடுவில் நல்ல கால் உள்ளவனுக்கே அரை மணி நேர வழி. சவ்வாத்தி ஓடினான். இழுக்கிற காலை ஒரு மூட்டையைப் போல இழுத்துக்கொண்டு ஓடினான். கிளைகள் ஒடிந்தன, பழங்கள் காலடியில் நசுங்கிச் சிவந்தன, இருபத்திரண்டு வருஷம் செய்யாததையெல்லாம் ஒரே ஓட்டத்தில் செய்தான். ஓடும்போதே ஒவ்வொரு வீட்டின் மாடாக மனசுக்குள் வந்தது. இது கொல்லனுடையது, இது பாதிரியாருடையது, இது இரட்டைப் பிள்ளைக்காரியுடையது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினான்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி நுழைந்தது, திரும்பவில்லை. எச்சில் துப்பித் திருப்பினான். பல்லால் கடித்துத் திருப்பினான், ஒரு பல் உடைந்தது. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு மறுபடி கடித்தான். பூட்டு திறந்துகொண்டது.

காட்டில் சத்தம் நின்றுபோயிற்று. மணி ஒன்றுகூடக் கேட்கவில்லை. சவ்வாத்தி அப்படியே பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். முதலில் தன்னைத்தான் எடுப்பார் என்று நினைத்தான்.

“என்ன மாட்டுக்காரா, ஒருவழியாத் திறந்துட்டியா?”

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றிருந்தார். சாதாரணக் குடியானவரைப் போலத்தான் இருந்தார், கொஞ்சம் அதிக உயரம். மேலங்கியை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார். செருப்பும் கால் மாறி இருந்தது. புருவம் இல்லை.

சவ்வாத்தி மண்டியிட்டான். “திறந்துட்டேன்.”

“பொண்ணுக்கா?”

“ஆமாங்க.”

“பெத்துட்டா. பொம்பளைப் பிள்ளை. கத்துறது இங்க கேக்குது, உனக்குத்தான் காது மந்தம்.”

சவ்வாத்தி அப்படியே குனிந்தான். நெற்றி மண்ணில் பட்டது. பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான். “மாடுங்களைச் சீக்கிரமா முடிச்சிடுங்க. கிழிச்சுப் போடாதீங்க. ஊர்க்காரங்க வந்து பாப்பாங்க.”

“மாட்டுக்கு என்ன?”

“திறந்தா உங்களுக்குன்னுதானே பேச்சு.”

“குஸ்ரேகாக்காரி தானியத்தைப் பூட்டறதுக்குத் தூக்கிட்டுப் போனா. எடுத்தேன். பிள்ளைப் பேறுக்குத் திறந்தா எவன்டா எடுப்பான்?” காட்டுக்காரருக்குக் கோபம் வந்தது போலிருந்தது. மரங்களின் உச்சி அசைந்தது. “என் வீட்டுக்காரி நாலு பெத்தவ. நாலுக்கும் உங்க ஊரு மருத்துவச்சிங்கதான் வந்தாளுங்க. இதுக்குப் போய் நான் மாட்டைத் தூக்கினா அவ என்னை வீட்டுல சேத்துக்குவாளா?”

சவ்வாத்தி மெல்ல நிமிர்ந்தான். அவன் கேட்க வந்ததை அவர் முந்திக்கொண்டார்.

“அன்னைக்கும் இங்கதான் நின்னேன். ரெண்டு பகல். மந்தையை மடக்கிப் பிடிச்சுக்கிட்டு இதே இடத்துல நின்னேன், இப்ப வருவான், இப்ப வந்து திறப்பான்னு. நீ வரல.”

“சொல்லியிருக்கலாமே,” என்றான் சவ்வாத்தி.  “ஒரு வார்த்தை.”

“நீ கேக்கலியே.”

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. சவ்வாத்தி உடைந்த பல்லிலிருந்து வழிந்த இரத்தத்தைத் துடைக்கவும் இல்லை. “என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க,” என்றான்.

“நொண்டியை வெச்சு நான் என்ன பண்றது? பூட்டை மறுபடி பூட்டு. போக்ரோவுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு.” சொல்லிவிட்டு அவர் திரும்பினார். இரண்டு மரம் தாண்டியதும் எது அவர், எது மரம் என்று தெரியவில்லை.

சவ்வாத்தி பூட்டைப் பூட்டி மறுபடி பாறைக்கடியில் வைத்தான். மணிகள் மறுபடி கேட்க ஆரம்பித்தன. அவன் கொம்பு ஊதவில்லை. ஊதாமலே மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. எண்ணினான். நாற்பத்தொன்று. ஒரு கீறல்கூட இல்லை, எல்லாவற்றுக்கும் மடி நிறைந்திருந்தது. சவ்வாத்தி அவற்றின் நடுவில் நின்று ஓநாயைப் போல ஊளையிட்டான். மாடுகள் பயந்து விலகின. இப்படி ஒருவன் அழுது நான் கேட்டதில்லை என்று பின்னாளில் பழம் பறிக்கப் போயிருந்த ஒருத்தி சொன்னாள். சந்தோஷத்தில் கத்துகிறான், பேத்தி பிறந்த சேதி தெரிந்துவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

மேய்ச்சல் வேலியின் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். முடியை அவசரமாக அள்ளி முடிந்து முக்காடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்ரஃபேனா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

“பொண்ணு! பொண்ணு! அச்சு அசல் உங்களை மாதிரியே மூஞ்சியைச் சுளிக்குது. நான் உம்மைத் திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி. நான் திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் இருக்கும், திடீர்னு எதையோ திறந்து விட்டாப்பல வந்து விழுந்துது.”

அவன் அவளைத் தாண்டிக் குளியல் குடிசைக்குப் போனான். வாசலில் நின்றான். உள்ளே போகக் கூடாது, அவன் இன்னும் காட்டு ஆள். மலான்யா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். முழங்கைவரை கழுவிய கைகள், நகக்கண்ணில் இன்னும் சிவப்பு. அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உன் பொண்ணைக் காப்பாத்திட்டேன், சவ்வாத்தி. இந்தத் தடவை விடல.”

உள்ளேயிருந்து உஸ்தீன்யாவின் குரல் வந்தது. களைத்த குரல், ஆனால் சந்தோஷமான குரல். “அப்பாவா? அப்பா, பிள்ளைக்கு அம்மா பேரு வைக்கப் போறேன்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டாள். “அம்மாவுக்கும் இப்படித்தான் ஊரே திறந்துவிட்டாங்களாமே, அக்ரஃபேனா அத்தை சொன்னாங்க. அப்படியும் வரலியாப்பா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மந்தை இருக்கும், பூட்டு இருக்கும், போக்ரோவுக்குப் பிறகு பேத்தியைத் தூக்கலாம். மலான்யா முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பைப் பார்த்தான்.

“ஒண்ணு திறக்கல,” என்றான்.

“என்னது?” என்றாள் மலான்யா.

“அன்னைக்கு. காட்டுல மந்தைப் பூட்டு ஒண்ணு இருந்துது. பிளந்த பாறைக்கடியில. நீ கேட்டப்போ அது பூட்டியிருந்துது. திறந்தா மாடெல்லாம் போயிடும்னு பயந்தேன். இன்னைக்குத்தான் திறந்தேன். ஒரு மாடும் போகல. அன்னைக்கும் போயிருக்காது.” பிறகு, ஏதோ விட்டுப்போனது போல, “உன் கையில ஒண்ணுமில்ல, மலான்யா. எப்பவும் இருந்ததில்ல,” என்றான்.

உள்ளேயிருந்து பிள்ளை பால் குடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. அவன் மகள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். திட்டுவாள் என்றுகூடக் காத்திருந்தான். கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவனிடம் ஒரு தடவைதான் கேட்பார்கள் போலிருக்கிறது.

மலான்யா தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“மீன் சுட்டுப் போட்டேனேடா உனக்கு,” என்றாள். சத்தம் போடவில்லை. “பதினேழு வருஷம். நீயும் தின்னியே.”

அவள் வேலிப் பக்கம் கையைக் காட்டினாள்.

“போ. வாசல்ல எல்லாப் பொம்பளைங்களும் நிக்கறாளுங்க. எங்கிட்டச் சொன்னதை அவளுங்ககிட்டச் சொல்லு. ஒரு வார்த்தை குறையாமச் சொல்லு.”

அவன் போய்ச் சொன்னான். வேலியைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, பூட்டு, சாவி, பாறை, எறும்புப் புற்று எல்லாவற்றையும் சொன்னான். சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னான். பெண்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மலான்யாவை ஏசிய வாய்கள்தான் அவ்வளவும். தங்கள் மாட்டை அடையாளம் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அக்ரஃபேனா மட்டும் போகும்போது தரையில் துப்பினாள். அவனைப் பார்த்தா, தங்களைப் பார்த்தா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பூட்டு வேலிக் கதவில் திறந்தபடி தொங்கியது. அவன் பாறைக்கடியில் பூட்டிவைத்த அதே பூட்டு. அன்றிலிருந்து மாடுகள் கொம்புக்கு வரவில்லை. வேறு மேய்ப்பனுக்கு ஊர் எங்கே போகும்? ஐந்து வாரம் சவ்வாத்தி இழுக்கிற காலோடு ஒவ்வொரு மாட்டின் பின்னாலும் ஓடி மேய்த்தான். கரடி இரண்டை அடித்தது. அதில் ஒன்று கொல்லனுடையது. போக்ரோவ் வந்தது, முடி வெட்டிக்கொண்டான், கை கழுவிக்கொண்டான், மகள் வீட்டு வாசலில் போய் நின்றான். கதவு திறந்துதான் இருந்தது. உஸ்தீன்யா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

அந்த ஐந்து வாரத்தில் மலான்யாவின் முறை ஒரு நாள் வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தான், ஆனால் முறை தவறினால் அந்த வீட்டுக்கு ஆகாது. போய் உட்கார்ந்தான். அவள் கறுப்பு ரொட்டியும் குவாஸும் ஒரு வெங்காயமும் வைத்தாள், எல்லா வீட்டிலும் வைப்பது போல. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து, கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.